அவன் தட்டவே இல்ல

தம்பி, காதுல மாட்டியிருக்கியளே, அதைச் செத்தக் கழட்டுங்க. பாட்டு கேக்கதை நான் குறை சொல்லல. ரெண்டு மூணு வாட்டி கூப்பிட்டேன், உங்களுக்குக் கேக்கல. இந்த ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தி விடணும், அதான். எனக்கு எட்டாது. இடுப்புக்குக் கீழ எனக்குச் சரியில்ல பாத்துக்கிடுங்க. போதும் போதும், அவ்வளவு போதும்.

பாளையங்கோட்டைக்கா போறிய? நானும் அங்கதான். ஆஸ்பத்திரிக்கு. வாராவாரம் போவணும். காலை நீட்டுதாவ, மடக்குதாவ, கரண்டு வைக்காவ. கால் கட்டை மாதிரி கெடக்கு, அவங்க பாட்டுக்கு மடக்குதாவ. என்னைத் தூக்கிட்டு வந்து இங்கன உக்கார வச்சுட்டுப் போனானே நீலச் சட்டைக்காரன், அவன் யாருன்னுதான பாக்கிய? சொல்லுதேன். எல்லாத்தையும் சொல்லுதேன். நீங்க படிச்ச புள்ளையா இருக்கிய, கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. தூத்துக்குடியில எனக்கு நியாயம் சொல்ல ஒருத்தன் இல்ல.

எம்பேரு சந்தியாகு. சங்கு குளிக்கவன். இப்பவும் அப்படித்தான் சொல்லுவேன், குளிச்சவன்னு சொல்ல மாட்டேன். எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. முன்னக் காலத்துல கல்லைக் கட்டிக்கிட்டு முத்துக் குளிக்க எறங்குவாவல்ல, அப்ப மேல இருந்து கயிறு பிடிக்கது யாருன்னு நெனைக்கிய? கூடப் பொறந்தவனா? கெடையாது. அண்ணன் தம்பிக்குச் சொத்துல ஒரு கண்ணு இருக்கும், கயிறை விட்டாலும் விட்டுருவான். அதனால பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். மச்சினன் விடமாட்டான். அவன் அக்கா தாலி அந்தக் கயிறுலதான் தொங்குது. எப்பேர்ப்பட்ட ஏற்பாடு பாத்தியளா? நானும் அதை நம்பித்தான் கெட்டேன்.

இப்பக் கயிறு கெடையாது. முதுகுல காத்து சிலிண்டரு. கயிறு போச்சே தவிர மச்சினன் போகல. எனக்கு மச்சினன் ததேயு. என் வீட்டுக்காரி ரெமிக்கு நேர் எளையவன். அவன் வள்ளத்துல உக்காந்து நேரம் பாக்கணும். நேரம் முடிஞ்சா தட்டணும். வள்ளத்து ஓரமா ஒரு இரும்புக் குழாய் பாதி தண்ணிக்குள்ள தொங்கும். அதைச் சுத்தியலால அடிப்பான். டங், டங், டங். மூணு தட்டு.

தண்ணிக்குள்ள சத்தம் எப்படிப் போவும்னு உங்களுக்குத் தெரியாது. மேல மாதிரி இல்ல. எந்தப் பக்கமிருந்து வருதுன்னு சொல்ல முடியாது. மண்டைக்குள்ளயே ஒருத்தன் உக்காந்து தட்டுத மாதிரி இருக்கும். எவ்வளவு தூரத்துல நின்னாலும் கேட்டுரும். மூணு தட்டு கேட்டா 'மேல வா, மெதுவா வா'ன்னு அர்த்தம். மெதுவா வரணும், அது முக்கியம். அடியில ரொம்ப நேரம் கெடந்துட்டு விசுக்குன்னு மேல வந்தா உடம்பு போயிரும்.

மூணு தட்டு கேட்டதும் வந்துருவியளான்னு கேக்காதிய. தொழில் தெரியாதவன் வருவான். நமக்கு அப்பதான் மணல்ல ஒரு தடம் தெரியும். சங்கு ஊர்ந்து போனா மணல்ல கோடு போட்ட மாதிரி கெடக்கும், அது பின்னாலயே போனா சங்கு இருக்கும். அதை விட்டுட்டு எவன் வருவான்? அவன் மூணு தட்டுவான், நான் வரமாட்டேன். மறுபடி மூணு தட்டுவான், ஆவட்டும் ஆவட்டும்னு இருப்பேன். அதுக்கப்புறம் ஒரு தட்டு வரும் பாருங்க, ஆங்காரமா, குழாயே வளைஞ்சு போற மாதிரி. அந்தத் தட்டுதான் எனக்குக் கணக்கு. எத்தனையோ வருசம் அப்படித்தான் ஓடுச்சு. ஒரு குறை உண்டா? இல்ல.

அவனுக்குத்தான் பொறுக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து சாப்பிட உக்காந்திருக்கோம். சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே சொல்லுதான், "அத்தான், இனிமே மொதத் தட்டுக்கே நீங்க மேல வந்துரணும். இல்லன்னா நான் வேற வேலை பாத்துக்கிடுதேன். நீங்க வர்ற வரைக்கும் மேல உக்காந்து என்னால முடியல." எனக்கு எப்படி இருக்கும்? "ஏல, கயிறு பிடிக்க வந்தவன் கயிறைப் பிடி. எனக்குக் கடல் சொல்லித்தராத"ன்னேன். ரெமி குழம்பை ஊத்திக்கிட்டே, "அவன் சொல்லுததுல என்னங்க தப்பு?"ங்கா. அக்காளும் தம்பியும் முன்கூட்டியே பேசி வச்சிருக்காவ. எனக்கு அப்பவே வெளங்கியிருக்கணும். வெளங்கல. நம்ம மனசுல கள்ளம் இல்ல பாத்தியளா, அதான்.

அந்த வாரத்துலயே நடந்துச்சு.

கொரைரான்னு எனக்கொரு சிநேகிதன். விசைப்படகு வச்சிருக்கான், நாங்க அதை லாஞ்சுன்னு சொல்லுவோம். தங்கமான மனுசன். முந்தின நாள் கடைத்தெருவுல பாத்தேன். "நாளைக்கு நம்ம வள்ளத்துப் பக்கமா வால, சங்குக் கறி தாரேன்"னேன். சங்கு சதையை மிளகு போட்டு வறுத்தா எப்படி இருக்கும் தெரியுமா? அவனுக்கு அதுமேல உசிரு. சொன்ன மாதிரியே வந்தான். நான் அடியில இருக்கேன், லாஞ்சு எஞ்சின் சத்தம் தடதடன்னு வருது. கொரைரா வந்துட்டான்னு எனக்கு சந்தோசம். அன்னைக்கு அடியில சங்கு அப்படிக் கெடந்துச்சு தம்பி. வலைப்பை நெறைய நெறைய எடுக்கேன். இவனுக்குக் கறி கொஞ்சம் கூடவே குடுக்கலாம்னு நெனைச்சுக்கிட்டேன்.

காத்து இருந்துச்சு அன்னைக்கு. லாஞ்சு ஒரு எடத்துல நிக்கல, அதனால கொரைரா முன்னால ஓட்டுதான், பின்னால எடுக்கான், மறுபடி முன்னால. வள்ளத்தை ஒட்டியே அப்படி ஆடிக்கிட்டு நின்னிருக்கான். அப்புறம் ததேயு முன்னமே வள்ளத்துல கெடந்த சங்கைத் தூக்கிப் போட்டுருக்கான், அவன் வாங்கிக்கிட்டு எஞ்சினை நிறுத்திட்டு உக்காந்திருக்கான், நான் வந்ததும் ஒரு வார்த்தை பேசிட்டுப் போவோம்னு. எஞ்சின் சத்தம் நின்னுபோச்சு. அடியில ஒரே அமைதி.

தட்டு வரும்னு நானும் பொறுக்கிக்கிட்டே இருக்கேன். வரல. நேரம் இருக்கு போலன்னு இன்னொரு தடம், இன்னொரு சங்கு. தட்டு வரல. ஆங்காரத் தட்டும் வரல. திடீர்னு காத்து இழுக்க மாட்டேங்குது. சிலிண்டர் காலி! அதுக்கப்புறம் மெதுவாவா வர முடியும்? மேல பாத்து ஒரே பாய்ச்சல்.

மேல வந்தா, இவன் கையில சுத்தியலை வச்சுக்கிட்டு நிக்கான். உடம்பெல்லாம் ஈரம், மூஞ்சி வெளிறிப் போயி, மூக்குல ரத்தம். "ஏன் அத்தான் வரல? ஏன் வரல? எவ்வளவு தட்டுத் தட்டுனேன்!" அப்படிங்கான். மூச்சை அடக்கிக்கிட்டு ரெண்டு வாட்டி என்னைத் தேடிக் குதிச்சானாம், அடி எட்டலியாம், அதான் மூக்குல ரத்தமாம். எனக்கென்ன தெரியும், நான் அடியில இருந்தேன். "நீ தட்டவே இல்லல"ன்னேன். சொல்லிட்டு, தேத்தண்ணி வாங்கிக் குடிச்சேன். கொரைராகிட்ட ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசுனேன். எந்திரிக்கப் பாத்தேன். காலு ரெண்டும் எங்கூட வரல.

அன்னைக்குப் போனதுதான்.

டாக்டரு என்ன சொன்னாரு தெரியுமா? ரத்தத்துல காத்துக் குமிளி கட்டிருச்சாம். அடியில ரொம்ப நேரம் இருந்துட்டு வேகமா மேல வந்ததால முதுகுத்தண்டுல குமிளி போயி அடைச்சிருச்சாம். சரி, அது நமக்கும் தெரிஞ்ச கதைதான். நான் ஏன் வேகமா வந்தேன்? அவன் தட்டல. அவன் ஏன் தட்டல? ஞாயித்துக்கிழமை சோத்துல உக்காந்து சொன்னான்ல, மொதத் தட்டுக்கே வரணும்னு. எனக்குப் பாடம் புகட்டப் பாத்திருக்கான். கொஞ்ச நேரம் தட்டாம இருப்போம், அத்தான் பயந்து போயி இனிமே ஒழுங்கா வருவாருன்னு. வேறென்ன காரணம் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்க. கழுத்தறுத்துட்டான் தம்பி. எதிரி செஞ்சா இவ்வளவு வலிக்காது. சோறு போட்டு வளத்த புள்ளை. அவன் அப்பா செத்தப்ப அரை டவுசரோட என் வீட்டுக்கு வந்தவன். நீச்சல் சொல்லிக் குடுத்தது நானு. அந்தச் சுத்தியலை வாங்கிக் குடுத்ததும் நானு.

கொரைரா கூட, "மாப்ள, அவன் தட்டுனதை நான் கண்ணால பாத்தேன், சுத்தியலை விடவே இல்ல"ன்னு சொல்லுதான். பாவம், வெள்ளந்தி. அவனையும் எப்படியோ கைக்குள்ள போட்டுட்டான்.

நான் சும்மா இருப்பேனா? கோயில் வாசல்ல, கடற்கரையில, ஏலம் போடுத எடத்துல, பாத்தவன்கிட்ட எல்லாம் சொன்னேன். மச்சினன் கயிறை விட்டுட்டான்னு சொன்னேன். எங்க ஆளுககிட்ட இதுக்கு மேல ஒரு பேச்சு இல்ல. அதுக்கப்புறம் எவனும் அவனை வள்ளத்துல ஏத்தல. உப்பளத்துல மூட்டை தூக்கப் போனான். போவட்டும்.

என்ன, வாகைகுளம் வந்துருச்சா? பேசிக்கிட்டே வந்தா நேரம் போறது தெரியல.

இந்த வருசம் அவனுக்கு வேம்பார்ல ஒரு பொண்ணு பாத்தாவ. ஜெனோவான்னு பேரு, பள்ளிக்கூடத்துல டீச்சரு. அந்தப் புள்ளைக்கு இவனைப் புடிச்சிருக்கு. அவ அப்பா இன்னாசி மொத்தா, பெரிய மனுசன், நேரா எங்கிட்டயே வந்துட்டாரு. "ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. நீங்க பாதிக்கப்பட்டவரு. அவர் தட்டுனாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் மேக்கொண்டு பேசுதேன்"னாரு. நான் என்ன சொல்ல முடியும்? பொய்யா சொல்ல முடியும்? ரெமி கதவுக்குப் பின்னால நின்னு கையெடுத்துக் கும்பிடுதா. கட்டுன பொண்டாட்டி, என்னைப் பொய் சொல்லச் சொல்லுதா. நான் வாயைத் தொறக்கல. மொத்தா யோசிச்சுச் சொல்லுங்கன்னுட்டுப் போயிட்டாரு.

அப்பதான் அந்த ஆராய்ச்சிப் பொண்ணு வந்து சேந்தா. சுகிர்தான்னு பேரு. கடலுக்கடியில மைக்கைப் போட்டுச் சத்தம் கேக்கதுதான் அவளுக்கு வேலையாம். கப்பல் சத்தம், மீன் சத்தம், பவளப்பாறைச் சத்தம். இதுக்கு ஒரு படிப்பு இருக்கு, அதுக்குச் சம்பளம் வேற! வள்ளம் வாடகைக்கு எடுக்க வந்தவகிட்ட ரெமி போயி நம்ம வீட்டுக் கதையை அவுத்து விட்டிருக்கா. அவ நேரா வீட்டுக்கே வந்துட்டா. வந்து, "லாஞ்சு பக்கத்துல வந்துச்சா ஐயா?"ன்னு கேக்கா. வந்துச்சும்மான்னேன். "ரொம்ப நேரம் நின்னுச்சா? எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சா?" ஆமான்னேன். அவ மூஞ்சி அப்படியே மாறிப்போச்சு.

ரெமிகிட்ட ஒரு எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி வாங்கிக் கரண்டியால தட்டுனா. டிங்னு கேட்டுச்சு. அப்புறம் வயிறு உப்பினா தண்ணியில கலக்கிக் குடிப்பமே ஒரு பொடி, அதைக் கேட்டா. கொட்டுனதும் பொசபொசன்னு நொரைச்சுக்கிட்டு வருதுல்லா, அப்ப மறுபடி தட்டுனா. டொக்கு. செத்த சத்தம். அதே டம்ளரு, அதே கரண்டி. தட்டிக்கிட்டே இருக்கா, நொரை அடங்க அடங்கச் சத்தம் ஏறுது, கடைசியில பழையபடி டிங்.

"இதுதான் ஐயா நடந்திருக்கும்"ங்கா. லாஞ்சுக்கு அடியில காத்தாடி சுத்தும்போது தண்ணிக்குள்ள காத்தை அடிச்சு விடுதாம். பெரிய குமிளி உடனே மேல வந்து ஒடைஞ்சிருமாம். கண்ணுக்குத் தெரியாத பொடிக் குமிளி அங்கனயே ரொம்ப நேரம் நிக்குமாம். எஞ்சினை நிறுத்தினாலும் நிக்குமாம். அதுக்கு நடுவுல நின்னு தட்டுனா, அந்தக் குமிளி ஒவ்வொண்ணும் சுருங்கி விரிஞ்சு சத்தத்தை முழுங்கிருமாம். மிச்சம் மீதியைச் செதறடிச்சிருமாம். கீழ இருக்கவனுக்கு ஒண்ணும் வராதாம். சண்டைக் கப்பல் எல்லாம் எதிரி காதுல விழாம இருக்க இந்தக் குமிளிக்குள்ளதான் ஒளியுமாம். கப்பல் ஒளியட்டும்மா, என் மச்சினன் எதுக்கு ஒளியுதான்னு கேட்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தம்பி. கால் போனதுக்கும் குமிளி, காது கேக்காததுக்கும் குமிளி. மனுசன் ஒருத்தனும் ஒரு தப்பும் பண்ணல, எல்லாம் இந்தப் பாழாப்போன குமிளி பண்ணிருச்சு! டம்ளரும் கடலும் ஒண்ணா? ஆனா ரெமி என்ன பண்ணுனா தெரியுமா? அந்த டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு அழுதா. ஏங்கி ஏங்கி, சத்தம் போட்டு அழுதா. எனக்குக் கால் போன அன்னைக்குக் கூட அப்படி அழல. ஒரு டம்ளரைப் பாத்துட்டுக் கட்டுன புருசனை விட்டுட்டா.

சரி, கடல்லயே பாத்துருவோம்னு நான்தான் சொன்னேன். எனக்கென்ன பயம்? எல்லாரும் வரட்டும்னேன். மொத்தா வந்தாரு. கொரைரா லாஞ்சை எடுத்துக்கிட்டு வந்தான். ததேயு எங்க பழைய வள்ளத்துல, அதே குழாய், அதே சுத்தியல். என்னை இன்னொரு வள்ளத்துல கொஞ்சம் தூரமாக் கொண்டுபோயி, மூஞ்சிக்குக் கண்ணாடி மாட்டி, மூச்சு விட ஒரு குழாயைக் குடுத்து, ரெண்டு பேரு கைத்தாங்கலா தண்ணியில எறக்குனாவ. ரெண்டு வருசம் கழிச்சு கடல் தண்ணி மேல பட்டுச்சு. தண்ணிக்குள்ள காலு கனக்கவே இல்ல தம்பி. அதைச் சொன்னா யாருக்குப் புரியும்?

மூஞ்சியைத் தண்ணிக்குள்ள வச்சேன். பக்கத்துலயே அந்தப் பொண்ணு மைக்கைத் தொங்கவிட்டிருக்கா. மொதல்ல தட்டுனான். டங், டங், டங். மண்டைக்குள்ள கேட்டுச்சு. உடம்பு சிலுத்துப் போச்சு எனக்கு. அதே தட்டு. அதே கை. அப்புறம் லாஞ்சு வந்துச்சு. அன்னைக்கு மாதிரியே வள்ளத்தை ஒட்டி முன்னாலயும் பின்னாலயும் ஆட்டுனான் கொரைரா. எஞ்சின் சத்தத்துல வேற ஒண்ணும் கேக்கல, அது சரி. எஞ்சினை நிறுத்துனான். அமைதி.

நான் கேக்கேன். தட்டு இல்ல.

காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கேன். ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு அடியில இருந்துச்சே அதே அமைதி. இத்தனை பேரு பாக்கும்போதே தட்ட மாட்டேங்கானே! என்னைத் தாங்கிக்கிட்டிருந்தவன் தோளைத் தட்டி, தலையைத் தூக்கிப் பாருங்க, பாருங்கன்னு சைகை காட்டுதான். நான் ஏன் பாக்கணும்? குளிக்கவன் காதை நம்புவான். நான் தூக்கல. ரொம்ப நேரம் கழிச்சு, எங்கயோ அடுத்த தெருவுல கதவைத் தட்டுத மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கொஞ்சம் கிட்ட. அப்புறம் இன்னும் கிட்ட. கடைசியில டங், டங், டங், டங்னு மூணுன்னு கணக்கே இல்லாம அடிச்சுக்கிட்டே இருக்கான். ஆங்காரத் தட்டு. இவ்வளவு நேரம் சும்மா இருந்துட்டு இப்ப அடிக்கான்!

தலையைத் தூக்கிச் சொன்னேன், "பாத்தியளா? இந்த வாட்டியும் தட்டல. ரொம்ப நேரம் கழிச்சுதான் ஆரம்பிச்சான்."

அந்தப் பொண்ணு காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டு மெதுவாச் சொல்லுதா, "ஐயா, எனக்கும் கேக்கல. ஆனா நான் அவரைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அவர் ஒரு நிமிசம் கூட நிறுத்தல." அவ வாயாலயே சொல்லிட்டா, கேக்கலன்னு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அதைப் போயி அவனுக்குச் சாதகமாத் திருப்புதா. எல்லாரும் பாத்தாவளாம். மொத்தா பாத்தாராம், கொரைரா பாத்தானாம், என்னைத் தாங்கிக்கிட்டிருந்த ரெண்டு பேரும் பாத்தாவளாம். எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒருத்தன் ஒரு பக்கம். முதுகுல குத்துறதுக்கு இத்தனை கை.

வள்ளம் கிட்ட வந்ததும் பாக்கேன், ததேயு வலது உள்ளங்கையில தோலே இல்ல. ரத்தம் சுத்தியல் பிடியில வழிஞ்சு கெடக்கு. அவன் எம்மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கான். மொத்தா எங்கிட்ட குனிஞ்சு, "சொல்லுங்க, உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க"ங்காரு. எனக்குக் காதுல கேட்டதைத்தான நான் சொல்ல முடியும்? "தட்டல"ன்னேன்.

மொத்தா கடலைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "அவர் தட்டுனதை நான் பாத்தேன். அவர்மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா ஒரே குடும்பத்துக்குள்ள தெனம் தெனம் இந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டு எம்பொண்ணு வாழணுமா?" அவ்வளவுதான். பேச்சு முறிஞ்சுபோச்சு. அதுக்கும் நான்தான் காரணமாம். ஊரே சொல்லுது. தட்டாதவன் நல்லவன், கால் போனவன் பாவி. எப்படி இருக்கு நியாயம்?

ரெமி எங்கிட்ட சண்டை போடல. போட்டிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். அன்னைக்குச் சாயங்காலம் தம்பி கையை மடியில வச்சுக்கிட்டு மஞ்சளும் எண்ணெயும் பத்துப் போட்டுக்கிட்டே கேக்கா, "இனியும் எதுக்குல இந்த வீட்டுக்கு வார? அவரைத் தூக்கி எறக்க ஆளா இல்ல? நீ போயி உன் வாழ்க்கையைப் பாரு." அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அத்தான் இன்னும் மேல வரலக்கா"ங்கான்.

பைத்தியக்காரப் பேச்சு! நான் மேல வந்து ரெண்டு வருசம் ஆச்சு. உக்காந்து சோறு திங்கேன், உங்ககிட்ட பேசிக்கிட்டு வாரேன். மேல வரலியாம். அதைக் கேட்டுட்டு ரெமி மறுபடி அழுதா. அக்காளுக்கும் தம்பிக்கும் புத்தி கெட்டுப் போச்சு.

ஆத்துப்பாலம் தாண்டியாச்சு, இனி வந்துரும். ஆமா தம்பி, அவனேதான். நீங்க அப்பவே கண்டுபிடிச்சிருப்பிய. அந்த நீலச் சட்டை. திரும்பிப் பாக்காதிய, பின்னால கடைசி சீட்டுல உக்காந்திருக்கான், தூங்குத மாதிரி. வாராவாரம் உப்பளத்துக்கு லீவு போட்டுட்டு வருவான். ஏத்துவான், எறக்குவான், ஆஸ்பத்திரியில காத்துக் கெடப்பான். நான் அவன்கூடப் பேசுததில்ல. "ஏல தூக்கு", "ஏல எறக்கு", அவ்வளவுதான், அதெல்லாம் பேச்சுல சேத்தியா? வேணும்னா இந்தக் கம்பால முன்சீட்டுக் கம்பியில தட்டுவேன். வந்துருவான்.

நீங்க என்ன தம்பி, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிய? இவ்வளவு நேரம் கேட்டிய, ஒரு நியாயம் சொல்லக் கூடாதா? சரி, விடுங்க. உங்களுக்கும் அந்தக் குமிளிக் கதைதான் புடிச்சிருக்கு போல. பாத்தாலே தெரியுது.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. இந்த ஆரனைக் கேட்டியளா, இத்தனை பஸ்ஸும் ஒண்ணா அடிக்குது, கண்டக்டர் விசிலு வேற, ஜனம் எல்லாம் கத்திக்கிட்டு எறங்குது. இந்த இரைச்சல்ல நான் தட்டுனா பக்கத்துல இருக்க உங்களுக்கே கேக்காது. தட்டுதேன் பாருங்க. ஒண்ணு. ரெண்டு.

பாத்தியளா? எந்திரிச்சுட்டான். மூணாவது தட்டு தட்டவே இல்ல, அதுக்குள்ள எந்திரிச்சு ஆளுகளை விலக்கிக்கிட்டு வாரான். ஒரு நாளும் அவனுக்கு நான் மறுபடி மூணு தட்டுனதில்ல. என் தட்டு மட்டும் அவனுக்கு எப்படிக் கேக்குது? அதைத்தான் தம்பி என்னால பொறுத்துக்கிட முடியல.

கம்பைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. நல்லாருங்க.

ஏல, மெதுவா. மெதுவாத் தூக்கு.